சுவடி தந்தவர் யார்?

துப்பறியும் நாவல் கையில் கிடைத்தால் ஊணும் உறக்கமும் மறப்பவன் நான். சென்ற மாதம் என் பேத்தி, ஆந்தனி ஹோரோவிட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 2016 இல் வெளியிட்ட 'மேக்பை மர்டர்ஸ்' என்ற நாவலைக் கொணர்ந்து தந்தாள். கதை நிகழ்வது புத்தகப் பதிப்பாளர் உலகில். பதிப்பகத்திற்கு வந்த கையெழுத்துப் பிரதியில் முடிவுப் பகுதியைக் காணோம், எழுதியவரோ இறந்துவிட்டார். பதிப்பாசிரியரான பெண்மணி ஒருவர் அத்தாள்களைத் தேடிப் புறப்படுகிறார்.

படித்து முடித்ததும், இத்தகைய மர்மம் ஒன்று நாம் வாழும் மைசூரிலேயே உண்டல்லவா என்று தோன்றிற்று.

1891 இல் இங்கே தோன்றிய கீழ்த்திசை நூலகத்திற்கு, 1905 இல் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடியை அளித்தார். காவிரி இப்பக்கமிருந்து தஞ்சைக்குச் செல்கிறது. அச்சுவடியோ அங்கிருந்து இங்கு வந்தது, நம்மைப் போலவே! நூலகத்தில் பணியாற்றிய ஆர். ஷாமசாஸ்திரி அதனைப் படித்துப் பார்த்தார். கிரந்த எழுத்தில் இருந்த அந்நூல், கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம். தண்டி முதலிய பழம்புலவர்கள் சுட்டியதால் பெயர் மட்டும் விளங்கி, மறைந்தே போயிற்று என அறிஞர் கருதியிருந்த நூல் அது. 1909 இல் மூலத்தை அச்சேற்றினார்; 1915 இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வெளிவந்தது.

துப்பறியும் கலைக்கும் அதில் இடமுண்டு. ஒருவன் திடீரென இறந்தால் உடலுக்கு எண்ணெய் பூசி ஆராய்ந்து, கழுத்து நெரிபட்டதா, நஞ்சு ஊட்டப்பட்டதா என்று அறியும் முறையை நான்காம் அதிகரணம் கூறுகிறது.

ஆனால், சுவடி தந்தவர் யார்? கண்டெடுத்தவர் பெயரை உலகமே அறியும். கொடுத்தவரோ 'தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர்' என்ற அளவிலேயே நின்றுவிட்டார். அதனை எத்தனை தலைமுறை காத்தனர், ஏன் இவ்வளவு தொலைவு சுமந்து வந்தார் என்று கேட்க இன்று எவருமில்லை.

இதனை எழுதும்போது என் நெஞ்சு என்னையே குத்துகிறது. என் பாட்டனார் ஊரை விட்டு வந்தபோது ஓர் ஓலைக்கட்டையும் உடன் கொணர்ந்தார். பல ஆண்டுகளுக்கு முன் வீடு மாற்றுகையில், "இடத்தை அடைக்கிறதே" என்று பழம்பொருள் வாங்க வந்தவனிடம் அதைக் கொடுத்துவிட்டேன். அது மருத்துவமோ, சோதிடமோ, செய்யுளோ? ஒருமுறையேனும் பிரித்துப் பார்த்தேனில்லை. இவ்வழக்கில் குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை; அவன் நானே.

எஞ்சியிருப்பது பாட்டனாரின் கையெழுத்திலுள்ள ஒரு குறிப்பேடு மட்டுமே. நேற்றிரவு பேத்தியை அருகில் அமர்த்தி, அதன் முதற்பக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும், அவர் மைசூருக்கு வந்த கதையையும் எழுதச் செய்தேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் இருக்கக்கூடும். கொடுப்பதாயினும் காப்பதாயினும், அது யாருடையது என்று முதலில் எழுதி வையுங்கள்.