கண் மூடாத ஜெபம்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகள் மூடியதும் கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளில் தொடங்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது ஊரார் 'வி.பி.எஸ்.' என்றே சுருக்கி வழங்கும் சிறுவர் முகாம், பாட்டாலும் கைதட்டலாலும் மனப்பாட வசனத்தாலும் ஆனது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து கணக்கிட்டால் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட சீர்திருத்தத் திருச்சபை மரபும், அதற்கு முன்பே கோட்டாற்றிலும் கடலோரத்திலும் வேரூன்றிய கத்தோலிக்க மரபும் அருகருகே வாழும் இம்மாவட்டத்தில், கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு முகாமுக்குப் போகாத கிறிஸ்தவச் சிறுவர் குறைவு. காது கேளாத சிறுவரும் அண்ணனோடோ அக்காளோடோ அம்முகாம்களுக்கு வருவதுண்டு. முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டு, அபிநயப் பாட்டுகளின் கையசைவுகளை ஒரு நொடி பின்தங்கிப் பார்த்துச் செய்துவிட்டு, கடைசி நாளில் பரிசும் வாங்கிச் செல்வர். அந்தக் கையசைவுகள் பாட்டின் தாளத்துக்காக அமைந்தவை. அவற்றுக்கு இலக்கணம் இல்லை. எனவே பத்து நாள் முகாமில் அச்சிறுவருக்கு ஒரு கதைகூடப் போய்ச் சேராமல் இருக்கக்கூடும் என்பதை, அவர்களின் உற்சாகத்தைப் பார்த்து மகிழும் ஆசிரியர் பெரும்பாலும் அறிவதில்லை.

காது கேளாத சிறுவருக்கெனத் தனி முகாம் நடத்துவதன் காரணம் இங்கிருந்தே தொடங்குகிறது. ஆயினும் வலுவான காரணம் வேறொன்று. காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். ஆதலால் பிற குழந்தைகள் தாய்மடியில் பெறும் மொழியை இவர்கள் பள்ளி விடுதியில்தான், அதுவும் வகுப்பறையைவிட விடுதித் தாழ்வாரத்தில், மூத்த மாணவரிடமிருந்து பெறுகின்றனர். விடுமுறை வந்ததும் மற்றப் பிள்ளைகளுக்கு வீடு திரும்புவது விடுதலை; இவர்களுக்கோ பேச்சுத் துணையற்ற இரண்டு மாதம். வீட்டில் 'சாப்பிடு', 'தூங்கு', 'அடி விழும்' என்னும் அளவுக்கான வீட்டுச் சைகை, அதாவது ஒரு குடும்பத்துக்குள் மட்டும் உருவாகி அதற்கு வெளியே செல்லாத சில கையடையாளங்கள், இருக்கும். ஆனால் தாத்தா ஏன் இறந்தார் என்றோ, அடுத்த வீட்டுக் கல்யாணம் ஏன் நின்றது என்றோ கேட்கவும் சொல்லவும் அது போதாது. முகாமின் முதல் நாள் மாலையில் அட்டவணைப்படி எதுவும் நடப்பதில்லை என்று பொறுப்பாளர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே: வந்து சேர்ந்த சிறுவர் பைகளை இறக்கிவைக்கும் முன்பே கைகளால் பேசத் தொடங்கி, இரவு விளக்கணைத்த பின்னும் ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்துக்குக் கட்டிலை நகர்த்திப் பேசிக்கொண்டிருப்பர். அனுபவமுள்ளவர்கள் முதல் நாள் மாலையை வெறுமையாகவே விட்டுவிடுகின்றனர். அந்த மாலையைப் பாடத்தால் நிரப்புவது இக்கலை தெரியாதவர் செய்யும் வேலை.

காது கேளாதோர் கல்விக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு பழையது, சிக்கலானதும்கூட. விசுவாசத்தைக் கேள்வியோடு, அதாவது காதால் கேட்டலோடு, இணைத்துப் பவுல் ரோமர் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் எழுதியதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள், காது கேளாதவர் மீட்புக்கு அப்பாற்பட்டவரோ என்று ஐயுற்றதுண்டு. அதே கவலைதான் 1760-ஐ ஒட்டிப் பாரிஸில் இரு சகோதரிகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்க முனைந்த பாதிரியார் லெப்பேயை, கைகளால் கற்பிக்கும் முதல் பொதுப்பள்ளியை நோக்கித் தள்ளியது. நம் பக்கத்தில், அண்டை மாவட்டத்துப் பாளையங்கோட்டையில் செனானா மிஷனைச் சேர்ந்த புளோரன்ஸ் ஸ்வெயின்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய காது கேளாதோர் பள்ளி, 1885-இல் பம்பாயிலும் 1893-இல் கல்கத்தாவிலும் தொடங்கிய பள்ளிகளுக்கு அடுத்து, இந்தியாவின் மிகப் பழைய பள்ளிகளுள் ஒன்றாகும். எனினும் 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சுப் பயிற்சியே உயர்ந்தது எனத் தீர்மானித்ததன் நிழல் இந்தியப் பள்ளிகள் மீதும் நீண்டகாலம் படிந்திருந்தது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் முறையில் 'பரம்' என்பதற்கும் 'மரம்' என்பதற்கும் வேறுபாடே தெரியாது, ஏனெனில் பகரமும் மகரமும் உதடுகளில் ஒரே தோற்றம் கொண்டவை. ஆலயத்தில் பரமபிதாவைப் பற்றிய பிரசங்கத்தை உதட்டில் படிக்க முயலும் பிள்ளையின் நிலை இதிலிருந்து விளங்கும். பாடநூல் தமிழை உதட்டில் படிக்கப் பழகிய பிள்ளைக்கு இம்மாவட்டத்து விளவங்கோட்டுப் பாட்டியின் வட்டாரப் பேச்சு மேலும் கடினம்.

முகாமில் கதை சொல்லும் கலைக்கு முதல் தேவை ஒளி. சொல்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு, அவர் ஊமையாகிவிடுகிறார். முகத்தில் ஒளி விழும் திசையில் நின்று, தோலின் நிறத்தோடு கலந்துவிடாத ஒரே நிறச் சட்டை அணிந்து, பிள்ளைகளை வரிசையாக அன்றிப் பிறைவடிவில் அமர்த்த வேண்டும், ஏனெனில் ஒரு பிள்ளை கேட்கும் கேள்வியை மற்றவர்களும் பார்த்தாக வேண்டும். கவனத்தைத் திருப்ப விளக்கை அணைத்து ஏற்றுவதும், மரத்தரையானால் காலால் தட்டுவதும் வழக்கம். நம் ஊர்ச் சிமெண்டுத் தரையில் அதிர்வு பரவாதாகையால் கையை உயர்த்தி அசைப்பதே எஞ்சும். முகாம் தீ மூட்டி அதைச் சுற்றிக் கதை சொல்வது பிற முகாம்களில் இனிய மரபு. இங்கே ஆடும் தீயொளியில் விரல்கள் தெளிவாகத் தெரியாததால் அது ஏறத்தாழப் பயனற்றது, கோடை மின்வெட்டில் ஜெனரேட்டர் கைவிட்டால் அன்றைய இரவு நிகழ்ச்சியும் அத்தோடு முடிந்தது.

ஜெபவேளையிலும் இதே விதிதான். 'கண்களை மூடி ஜெபிப்போம்' என்ற தொடர் வேறெங்கும் இயல்பானது. காது கேளாத பிள்ளை கண்ணை மூடிய கணத்தில் ஜெபத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே எல்லாரும் கண்ணைத் திறந்து, ஜெபிப்பவரின் கைகளைப் பார்த்தபடி இருப்பர். புதிதாக வரும் தன்னார்வலர் பழக்கத்தால் தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்ள, பக்கத்துப் பிள்ளை முழங்கையால் இடித்து விழிக்கச் செய்வதும் உண்டு. பயபக்தி குறைந்துவிடும் என்று அஞ்சும் மூத்த சபையார், பார்த்துக்கொண்டே ஜெபிப்பவர்களின் முகங்களை ஒருமுறை கவனித்தால் போதும்.

இனி கதைக்கு வரலாம். தமிழில் ஒருவர் சொல்ல, மற்றொருவர் பக்கத்தில் நின்று சைகையில் பெயர்ப்பதே பெரும்பாலான முகாம்களின் முறை. அது இரண்டாம்தரமான முறை. இந்தியச் சைகை மொழி தமிழின் கைவடிவம் அன்று. வினாச்சொல்லும் எதிர்மறையும் வாக்கிய இறுதியில் வரும், புருவ உயர்வும் தலையசைப்பும் முகப்பாவனையாக அன்றி இலக்கணமாகவே செயற்படும், எல்லாவற்றுக்கும் மேலாக உடலுக்கு முன்னுள்ள வெளியே அதன் வாக்கியப் பரப்பாகும். கெட்ட குமாரன் கதையைச் சைகையிலேயே எண்ணிச் சொல்பவர், தந்தையின் வீட்டைத் தம் வலப்புறத்தில் நிறுத்தி, தூரதேசத்தை இடப்புறத்தில் எட்டும்வரை தள்ளி வைக்கிறார். இளைய மகன் வலமிருந்து இடம் போகும்போது நிமிர்ந்த சுட்டுவிரலொன்றே அவனாகிறது; பன்றிக்கூட்டத்தின் நடுவே அவன் அமர்கையில் சொல்பவரின் தோள்கள் தாமே ஒடுங்குகின்றன. பின் அவர் உடலைச் சற்றே திருப்பித் தந்தையாக மாறுகிறார். இதை வேடமாற்றம் எனலாம்: பெயரைச் சொல்லாமல், தோளும் பார்வையும் திரும்பும் கோணத்தாலேயே பேசுபவர் மாறிவிட்டார் என்பதை உணர்த்துவது. தந்தையின் கண் இடப்புற வெளியில் ஒரு புள்ளியைத் தேடுகிறது. எதிர்க்கையின் சுட்டுவிரல் அங்கே மிகச் சிறிதாக, நடுக்கத்தோடு தோன்றுகிறது. கண் அதை இனங்காண்கிறது. மகன் இன்னும் தூரத்தில் இருக்கையிலேயே தந்தை கண்டுகொண்டதாக லூக்கா எழுதியிருப்பதைத் தமிழில் வாசிப்போர் அடுத்த வரிக்கு விரைந்துவிடுவர். சைகையில் அதுவே கதையின் மையமாகிவிடுகிறது. பெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று, பேசுபவரின் வேகத்துக்கு ஓடினால் இந்த இடம் அரை நொடியில் கழிந்துபோகும்.

கடலோரப் பிள்ளைகள் இருக்கும் முகாமில் மீன்பிடிக் கதைகளைச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். யோவான் 21-ஆம் அதிகாரத்தில் பேதுரு 153 பெரிய மீன்களோடு வலையைக் கரைக்கு இழுத்ததைச் சொல்பவர், கயிற்றை இரு கைகளால் வெறுமனே இழுத்துக்காட்டினால், குளச்சலிலோ முட்டத்திலோ கரமடி இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் அது செல்லாது. கரமடி என்பது கரையிலிருந்து வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்து விட்ட நீண்ட வலையை, இரு முனைக் கயிறுகளையும் பற்றிய இரண்டு வரிசை ஆட்கள் பின்னோக்கி நடந்து கரையேற்றும் முறை. அதில் பாரம் கைகளில் தெரிவதில்லை, மணலில் புதையும் குதிகாலிலும் பின்சாய்ந்த இடுப்பிலும் தெரிகிறது. அப்பிள்ளைகள் எழுந்து வந்து தாங்களே இழுத்துக்காட்டும்போது இடைமறிக்காமல் ஒதுங்கி நிற்பதுதான் கதை சொல்பவரின் திறமை. மீன் எண்ணிக்கையையும் அவர்களே எண்ணிக்கொள்வர்.

சொல்லக் கடினமான கதைகளும் உள்ளன. ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலைக் கடவுள் குரலால் அழைத்ததும், அவன் ஆசாரியன் ஏலியிடம் மும்முறை ஓடியதும் வி.பி.எஸ். பாடத்திட்டங்களில் அடிக்கடி வருவன. காது கேளாத பிள்ளைக்கு இக்கதை எழுப்பும் கேள்வி வெளிப்படையானது, அதைப் பிள்ளைகள் கேட்டும்விடுகின்றனர்: தன்னைக் கடவுள் எப்படி அழைப்பார்? சிலர் குரலை நீக்கிவிட்டு, தோளைத் தொட்டு எழுப்பியதாகக் கதையை மாற்றிச் சொல்கின்றனர். நல்லெண்ணமே, ஆயினும் பின்னாளில் வேதாகமத்தைத் தாமே வாசிக்கும்போது பிள்ளைகள் ஏமாற்றப்பட்டதாக உணர்வர். மாற்றத் தேவையும் இல்லை. நான்காம் முறை கர்த்தர் வந்து நின்றதாக அதே அதிகாரம் சொல்கிறது. வருவதும் நிற்பதும் கண்ணுக்குரியவை, சைகையில் சொல்பவர் தம் முழு நேரத்தையும் அங்கே செலவிடலாம்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு காது கேளாத ஒருவனைக் குணமாக்கியதைச் சொல்வது இதைவிட நுட்பமானது. இம்மாவட்டத்தில் குணமாக்கும் ஆராதனைகளுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, மேடையில் நிறுத்தி, காதில் கை வைத்து ஜெபிக்கச் செய்த பெற்றோர் பலர். அதற்குப் பின்னும் கேட்காமலேயே வீடு திரும்பிய பிள்ளையின் உள்ளத்தில் தங்குவது, தன் விசுவாசத்திலோ தன்னிடத்திலோ ஏதோ குறை என்னும் எண்ணம். முகாமில் காது திறக்க வேண்டி யாரும் ஜெபிக்கலாகாது என்பதை விதியாகவே வைத்திருப்பது நல்லது, அதைப் போதகரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதையைத் தவிர்ப்பதைவிட, மாற்கு எழுதிய வரிசையிலேயே சொல்வது மேல்: இயேசு அம்மனிதனைக் கூட்டத்தின் வேடிக்கைக்கு வெளியே தனியே அழைத்துச் செல்கிறார், பேசும் முன்பே காதையும் நாவையும் தொட்டு, வானத்தை நோக்கி, தாம் செய்யப்போவதை அவன் பார்க்கும்படி செய்கிறார். லூக்கா முதல் அதிகாரத்துச் சகரியாவோ எளிதில் அவர்களுக்குப் பிடித்துப்போகிறவர். பேச இயலாத அவரிடம் உறவினர் சைகையால் கேட்கின்றனர், அவர் எழுத்துப்பலகையில் மகனின் பெயரை எழுதுகிறார். தம் சொந்த வீட்டில் நடந்தது போலவே பிள்ளைகள் இதைப் பார்ப்பர்.

கதை சொல்பவர் காது கேளாதவராகவே இருப்பது மிகச் சிறந்தது. காது கேட்கும் தன்னார்வலர் எவ்வளவு சரளமாகக் கையசைத்தாலும் இதற்கு ஈடாகார். வேலையும் குடும்பமும் உடைய காது கேளாத பெரியவர் ஒருவரை முதன்முறையாக இம்முகாமில்தான் சில பிள்ளைகள் காண்கின்றனர். வளர்ந்ததும் தமக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும் என்று நம்பியிருக்கும் சிறு பிள்ளைகளுக்கு அந்தப் பெரியவரே விடை. ஆப்பிரிக்க நாடுகளில் 1957 முதல் காது கேளாதோர் பள்ளிகளை நிறுவிய ஆண்ட்ரூ ஃபாஸ்டரும் காது கேளாதவரே. பெயர்ச் சைகை, அதாவது ஒருவரை எழுத்தெழுத்தாகச் சொல்லாமல் தோற்றத்தையோ பழக்கத்தையோ கொண்டு சுட்டும் தனி அடையாளம், காது கேளாதோர் பிறருக்கு வழங்குவது; தன்னார்வலர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளக் கூடாது. தழும்பு, மூக்குத்தி, வழுக்கை என எதுவும் பெயராகும். அதில் வருத்தப்படுவதற்கு ஒன்றுமில்லை. இயேசுவின் பெயர்ச் சைகையும் இவ்வகையினதே: பல நாடுகளின் சைகை மொழிகளில் ஒரு கையின் நடுவிரல் மறு உள்ளங்கையின் ஆணித் தழும்பைத் தொடும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி, அதாவது உட்செவி நரம்பைத் தூண்டும் அறுவைப் பதிப்பு, பொருத்தப்படுவதால் இன்றைய முகாமில் ஓரளவு கேட்கும் பிள்ளைகளும் உள்ளனர். 'சைகை பழகினால் பேச்சு வராது' என்று எச்சரிக்கப்பட்ட பெற்றோர், இப்பிள்ளைகளை அனுப்பத் தயங்குவர். கடற்கரைக்குப் போகும் நாளில் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாக வேண்டும். அலையில் நிற்கும்போது அப்பிள்ளை மற்றவரைப் போலவே முற்றிலும் கேளாதவன், கூவி அழைத்தால் திரும்பமாட்டான். இருவர் இருவராகக் கைகோத்து இறங்குவதும், கரையில் ஒருவர் சிவப்புக் கொடியோடு நிற்பதும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்க்கப் பழக்குவதும் அதனால் கட்டாயம். முட்டத்துப் பாறைகளின் பக்கம் இறங்க விடுவதே கூடாது.

பிற சமயப் பிள்ளைகளும் இம்முகாம்களுக்கு வருகின்றனர், மொழிக்காகவே வருகின்றனர். வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தருபவரின் கையில் இருக்கும் அதிகாரம் பெரிது. ஆகவே என்ன கற்பிக்கப்படும் என்பதைப் பெற்றோரிடம் ஒளிவின்றிச் சொல்லி ஒப்புதல் பெறுவதும், ஜெபவேளையில் வெளியே விளையாட விரும்பும் பிள்ளையைத் தடுக்காததும் அடிப்படை நேர்மை.

கடைசி நாளில் பெற்றோரை வரவழைத்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறி, பிள்ளைகள் நடித்துக்காட்டும் நாடகத்தோடு நிறைவு செய்வது வழக்கம். நாடகத்தைப் பெற்றோர் கைதட்டி ரசிக்கின்றனர், ஆனால் அதில் பேசப்பட்டதைப் பக்கத்தில் நிற்பவர் சொல்லித்தான் அறிகின்றனர்; அன்று மாலை பிள்ளை மீண்டும் அதே வீட்டுக்குப் போகிறது. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021-இல் பத்தாயிரம் சொற்களை எட்டிவிட்டது, அதைக் கைப்பேசியிலேயே பார்க்கவும் முடியும். எனினும் அகராதி பேச்சாகாது. அதனால் அனுபவமுள்ள பொறுப்பாளர் நாடகத்துக்கான செலவைக் குறைத்து, தாய்மாரையாவது முதல் மூன்று நாள் முகாமிலேயே தங்கவைக்கும்படி வாதிடுகின்றனர். படுக்கையும் சாப்பாடும் கூடுதலாக வேண்டும், வீட்டுவேலையை விட்டு வர இயலாதென்று பலர் மறுப்பர், வருபவர்களும் முதலில் கற்க விரும்புவது கண்டிக்கும் சொற்களையே. கற்பிப்பவர் அவற்றையும் கற்பித்துவிட்டு, 'ஏன்' என்று கேட்கும் சைகையைப் பிள்ளைகளைக் கொண்டே தாய்மாருக்குக் கற்றுத்தரச் செய்கிறார். முகாம் முடிந்து வீட்டில் முதலில் தேவைப்படுவது அதுதான்.