பிரிந்தாலும் பதறாத பயணம்

குழுவாக பைக் ஓட்டுபவர்களைப் பல நேரம் ஆபத்தில் கொண்டுபோய் விடுவது, கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடுவோமோ என்ற பதற்றம்தான். அது எப்படிக் கிளம்புகிறது என்பதை நசரத்பேட்டையில் பார்க்கலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் இது. விடுமுறை நாள் விடிகாலையில் காஞ்சிபுரம், வேலூர், ஏலகிரி என்று கிளம்புகிறவர்கள் பூந்தமல்லி நெரிசலை விட்டு வெளியே வந்ததும் இங்கேதான் கையை முறுக்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளும் இதே சந்திப்பில் ஏறி இறங்குகின்றன.

முன்னால் நாலு பைக் போய்விடும். ஐந்தாவது பைக்குக்கு முன்னால் ஒரு டிரெய்லர் நுழைந்துவிடும். நண்பனின் முதுகு மறைந்ததும் ஐந்தாமவர் லாரியின் இடப்பக்கச் சந்தில் புகுந்து முந்தப் பார்க்கிறார். ஓட்டுநரின் கண்ணாடியில் சரியாகத் தெரியாத பக்கம் அது. அந்த லாரி வெளிவட்டச் சாலைக்காக இடப்புறம் ஒடித்தால், பின்சக்கரங்கள் உள்வாங்கி வந்து அந்தச் சந்தை அடைத்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. சாலை பிரியும் இடத்தில், பின்னவர் கண்ணாடியில் தெரியும்வரை ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும். முன்னால் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவர் லாரியை முந்தத் துடிக்க மாட்டார். அடுத்து எங்கே கூடுவது என்பதைக் கிளம்பும் முன்பே எல்லாருக்கும் சொல்லிவிட்டால், வழி தவறினாலும் பயமில்லை.

நேர்ச் சாலையில் ஒரே தடத்துக்குள் வலம், இடம் என்று மாற்றி மாற்றி ஓட்டுவது வழக்கம். முன்னே போகிறவர் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம். 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். ஆகவே நேர் முன்னால் இருக்கும் வண்டியோடு இரண்டு நொடி, அதாவது 44 மீட்டர் இடைவெளி வேண்டும். மழையில் இன்னும் கூடுதல். வளைவிலும் குறுகிய பாலத்திலும் இந்த அமைப்பைக் கலைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் போவதே சரி. இரண்டு பேர் பேசிக்கொண்டே அக்கம்பக்கமாக ஓட்டுவது எந்த இடத்திலும் கூடாது; பள்ளம் வந்தால் விலக இடமிருக்காது.

முன்னவர் 60-லிருந்து 80-க்குப் போனால், அதைத் தாமதமாகக் கவனிக்கும் கடைசி ஆள் எட்டிப்பிடிக்க 100-ஐத் தொடவேண்டி வரும். வரிசை நீள நீள இந்த இழுப்பும் கூடும். அதனால்தான் ஐந்தாறு வண்டிகளுக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுக்களாகப் பிரிவது நல்லது. புதியவர் முன்னவருக்கு அடுத்ததாகவும், நன்கு பழகியவர் கடைசியிலும் வரவேண்டும். வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்தப் புதியவரே.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். ஒருவர் விழுந்துவிட்டால் மற்ற எல்லாரும் நெடுஞ்சாலையிலேயே வண்டியை நிறுத்தி ஓடுவது அடுத்த விபத்துக்கு வழி. ஒருவர் பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க, ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர்கள் சாலையை விட்டு இறங்கி நிற்க வேண்டும்.