டர்போவா, எல்எஸ்டியா?

அண்ணன் தன் சிவிக்கில் பெரிய இன்ஜினை ஏற்றியாச்சு. அடுத்த செலவு டர்போவா, லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலா? வீட்டில் ஒரே விவாதம். என் ஓட்டு எல்எஸ்டிக்குத்தான்.

ஏன் என்கிறீர்களா? சாதா டிஃபரென்ஷியல் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சமமாகத்தான் விசை தரும். வளைவில் எடை வெளிப்பக்கம் சாயும். உள்சக்கரம் பிடிப்பிழந்து வெறுமனே சுற்றும். வெளிச்சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான்! மழையில் கேமரன் மலை ஏறிப் பாருங்கள், புரியும். இதில் டர்போ சேர்த்தால் டயர்தான் தேயும் :-)

1997ல் 185 குதிரைத்திறனோடு வந்த சிவிக் டைப் ஆரிலேயே ஹோண்டா ஹெலிகல் எல்எஸ்டி வைத்திருந்தது. பிடிப்புள்ள சக்கரத்துக்கு அது கூடுதல் விசை அனுப்பும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால் மட்டும் அதுவும் பெரிதாக உதவாது.

பொருத்தக் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும், கூலி அதிகம்தான். ஆனால் அந்தக் காரில்தானே அம்மாவும் வருகிறார்!