வார்சோவில் காதோடு ஒரு நடை

போலந்து நாட்டின் தலைநகரம் வார்சோ. விஸ்துலா நதிக்கரையில் பல நூறு ஆண்டுகளாக இருந்துவரும் நகரம் அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944 ஆகஸ்ட் 1ஆம் திகதி, இந்நகர மக்கள் நாஸி ஜேர்மனியப் படைகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 63 நாட்கள் சண்டை நடந்தது. பொதுமக்களில் மட்டும் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். எஞ்சியோர் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் ஆளில்லாத வீதிகளில் தீ வைத்தும் வெடி வைத்தும் வீடு வீடாக நகரை அழித்தார்கள். 1945 ஜனவரியில் பழைய நகரின் கட்டடங்களில் நூற்றுக்கு 85க்கு மேல் இல்லாமற் போயிருந்தன.

அந்த நகரத்தை மூன்று நாட்கள் நடந்தே பார்த்தேன். பேர்லினில் இருக்கும் என் தங்கையிடம் போயிருந்தபோது அங்கிருந்து ரயிலேறிப் போனேன். தங்கைக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அவள் என் கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கி, காதில் செருகும் கருவியையும் தந்தாள்.

“அக்கா, இதைக் காதிலை போட்டுக்கொண்டு நடவுங்கோ. களைச்சால் நிப்பாட்டுங்கோ, அது கோவிக்காது” என்றாள்.

இந்த முறை இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் உண்டு. தொலைபேசியில் நகரின் வரைபடம் தெரியும். பார்க்க வேண்டிய இடங்களுக்கு இலக்கமிட்டிருப்பார்கள். ஓர் இடத்தை அடைந்ததும் இலக்கத்தைத் தொட்டால் அந்த இடத்தின் கதையை ஒரு குரல் சொல்லும். சில செயலிகளில் நாம் நிற்கும் இடத்தை அறிந்து குரல் தானாகவே தொடங்கும். தங்குமிடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் வீதியில் இணையம் தேவையில்லை. நான் கேட்டது ஆங்கிலத்தில் இருந்தது. விளங்காத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடும் வழிகாட்டியின் பின்னால் ஓட வேண்டியதில்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

படங்களிலிருந்து பிறந்த நகரம்

முதல் நாள் நடை கோட்டைச் சதுக்கத்தில் தொடங்கியது. நடுவில் மன்னர் சிகிஸ்மண்டின் உயர்ந்த தூண் நிற்கிறது. 1644இல் நிறுவிய தூண் 1944இல் வீழ்த்தப்பட்டது. 1949இல் புதிய தூணில் மன்னர் சிலையை மீண்டும் ஏற்றினார்கள். உடைந்த பழைய தூணை எறிந்துவிடவில்லை. அரண்மனையின் பக்கத்தில் புல்லின்மீது கிடத்தி வைத்திருக்கிறார்கள்.

அரண்மனையின் கதை இன்னும் வியப்பானது. 1939இல் குண்டுவீச்சில் அது எரிந்தபோது, அருங்காட்சியக ஊழியர்களும் மற்றவர்களும் ஓவியங்களையும் கதவு, சிற்பத் துண்டுகளையும் காப்பாற்றி ஒளித்து வைத்தார்கள். 1944இல் அரண்மனை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1971இல் மக்கள் கொடுத்த பணத்தில் மீளக் கட்டத் தொடங்கியபோது, ஒளித்து வைத்த துண்டுகள் அந்தந்த இடத்திலேயே மீண்டும் பொருத்தப்பட்டன.

அங்கிருந்து ஒடுங்கிய வீதியால் நடந்தால் புனித யோவான் பேராலயம். அதன் பக்கச் சுவரில் ஜேர்மனியரின் வெடி வாகனமொன்றின் இரும்புச் சங்கிலித் துண்டு பதிந்திருக்கிறது. காதில் குரல் சொல்லியிராவிட்டால் அதைக் காணாமலே கடந்திருப்பேன். மேலும் சிறிது தூரத்தில் பழைய சந்தைச் சதுக்கம். நான்கு பக்கமும் மஞ்சள், பச்சை, செங்கல் நிறங்களில் உயர்ந்து ஒடுங்கிய வீடுகள். நூற்றாண்டுகள் பழையவை போலத் தோன்றினாலும் அவற்றில் பெரும்பாலானவை 1953ஐ ஒட்டிக் கட்டி முடித்தவை.

எப்படி முடிந்தது? இதை விளக்கிய பகுதியை, சதுக்கத்து வாங்கிலொன்றில் இருந்து மூன்று தரம் கேட்டேன். யுத்தத்துக்கு முன்னர் வார்சோ தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்கள் பழைய வீடுகளை அளந்து வரைந்திருந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த வேலை மறைவாக நடந்தது. வரைபடங்களை நகருக்கு வெளியே கடத்தி, பியோத்கூவ் என்ற ஊரில் ஒரு துறவிமடத்தில் ஒளித்தார்கள். அவற்றோடு 18ஆம் நூற்றாண்டில் பெலோத்தோ என்ற இத்தாலிய ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகளும் உதவின. 1980இல் யுனெஸ்கோ பழைய நகரை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. 2011இல் மீள்கட்டுமான அலுவலகத்தின் ஆவணங்களும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. கட்டடத்துக்குக் கிடைத்த மதிப்பு காகிதத்துக்கும் கிடைத்தது.

பழைய மதிலின் ஓரமாக நடந்தபோது சின்னப் போராளி சிலையைக் கண்டேன். தலைக்குப் பெரிதான இரும்புத் தொப்பி, கையில் துவக்குடன் ஒரு சிறுவன். 1983இல் வைக்கப்பட்ட சிலை அது. காலடியில் யாரோ பூ வைத்திருந்தார்கள். அந்தத் தொப்பிக்குள் இருந்த முகம் பள்ளிக்கூடம் போக வேண்டிய முகம். குரலை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றேன்.

மதில் வாசலைக் கடந்தால் ஃபிரேட்டா வீதி. 16ஆம் இலக்க வீட்டில் 1867இல் மேரி கியூரி அம்மையார் பிறந்தார். அப்போது ரஷ்ய ஆட்சி. பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவில்லை. வீடுகளில் இரகசியமாக நடந்த வகுப்புகளில் அவர் படித்தார். பின்னர் இருமுறை நோபல் பரிசு பெற்றார். தாம் கண்டறிந்த மூலகம் ஒன்றுக்குத் தம் நாட்டின் பெயரால் பொலோனியம் என்று பெயரிட்டார். வீடு இன்று அவருடைய அருங்காட்சியகம். இந்த வீடும் 1944இல் இடிந்து மீண்டும் எழுந்ததுதான்.

மீண்டும் எழாத வீதிகள்

இரண்டாம் நாள் முரானூவ் பகுதிக்குப் போனேன். யுத்தத்துக்கு முன் வார்சோ மக்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் யூதர்கள். 1940இல் நாஸிகள் அவர்களை மதிலுக்குள் அடைத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் வதைமுகாம்களிலும் மாண்டார்கள். 1943 ஏப்ரலில் எஞ்சியவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அதன்பின் அந்தப் பகுதி முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது.

பழைய நகரைப் போல இதை யாரும் முன்பிருந்தபடி கட்டவில்லை. அங்கே வாழ்ந்தவர்களும் திரும்பி வரவில்லை. இடிபாடுகளின் மேலேயே புதிய மாடிவீடுகளைக் கட்டினார்கள். சில வீடுகள் மேட்டின்மேல் நிற்பதற்குக் காரணம் கீழே பழைய வீடுகள் கிடப்பதுதான். மதில் நின்ற இடங்களில் நடைபாதையில் இரும்புக் கோடு பதித்து ஆண்டுகளை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோட்டின்மேல் ஒரு தாய் பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இங்கேதான் ராஹெல் அவர்பாக் என்ற பெண்ணின் கதையைக் கேட்டேன். எழுத்தாளரான அவர் மதிலுக்குள் ஏழைகளுக்கான கஞ்சிச் சமையற்கூடம் ஒன்றை நடத்தினார். வரலாற்றாசிரியர் ரிங்கல்புளூம் இரகசியமாகத் திரட்டிய ஆவணங்களுக்காக அங்கு கண்டவற்றை எழுதிக் கொடுத்தார். கடிதங்கள், நாட்குறிப்புகள், பிள்ளைகளின் கட்டுரைகள், உணவு முத்திரைகள் எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளிலும் பால் கலன்களிலும் இட்டு மண்ணுக்குள் புதைத்தார்கள். அந்தக் குழுவில் உயிர்தப்பியவர்கள் ஒருசிலரே. யுத்தம் முடிந்ததும் அவற்றைத் தோண்டியெடுக்க வேண்டுமென்று ராஹெல் ஓயாமல் வற்புறுத்தினார். 1946இல் பெட்டிகளும் 1950இல் இரண்டு பால் கலன்களும் கிடைத்தன. கலன்களில் ஒன்றை யூத வரலாற்று நிறுவனத்தில் பார்த்தேன். நம் பால்காரர் சைக்கிளில் கட்டிவரும் கலனைப் போன்றதுதான், துருப்பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் நதிக்கரைக்குப் போனேன். கையில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னிதான் வார்சோவின் சின்னம். கரையிலுள்ள சிலையை 1939இல் வடித்தவர் லுட்விகா நிட்சோவா என்ற பெண் சிற்பி. மாதிரியாக நின்றவர் கிறிஸ்டினா கிராஹெல்ஸ்கா என்ற இளம்பெண், கவிதை எழுதியவர். கிளர்ச்சியின் முதல் நாளில், தாதியாகக் காயக்காரருக்கு உதவும்போது சுடப்பட்டு மறுநாள் மரணமானார். சிலை யுத்தத்தில் தப்பி நிற்கிறது.

போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும்

உறவினரிடம் வெளிநாடு போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். வீதி கடக்கும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். பழைய நகரின் பாதை கல் பாவியது, தட்டையான சப்பாத்து நல்லது. தொலைபேசியை இரவே சார்ஜ் செய்யுங்கள். யுத்தக் கதைகள் நெஞ்சை அழுத்தினால் நிறுத்திவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள். எல்லாவற்றையும் கேட்டே ஆகவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

போக வாய்ப்பில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வார்சோவின் எழுச்சி அருங்காட்சியகத்தில், அந்த நாட்களைக் கண்ட ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்கள் குரலாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் சாதாரண வீட்டுப் பெண்களும் உண்டு. நம்மிடம் காணி உறுதி தொலைந்திருக்கலாம், கலியாணப் படம் எரிந்திருக்கலாம். ஆனால் எந்த வளவில் கிணறு இருந்தது, எந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு எந்த ஒழுங்கையால் போனோம் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருந்தால், ஒரு மாலையில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, படலையிலிருந்து தொடங்கி வீடு வீடாகச் சொல்லிப் பதிந்து வையுங்கள். பெயர்களை முழுமையாகச் சொல்லுங்கள். இயலுமானால் ஒரு கொப்பியிலும் எழுதுங்கள். சொல்லும்போது மனம் தாங்காவிட்டால் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் விட்ட வீட்டிலிருந்து தொடருங்கள்.