பூஜ்யமும் ஓர் எண்தான்

செயலியிடம் ராண்டம் எண் கேட்பது எளிது. அது எண்ணைத் தந்ததா, கையை விரித்ததா என்று தெரிந்துகொள்வதில்தான் வேலை இருக்கிறது. பல வகைச் செயலிகளுக்குக் கீழ்மட்ட நிரல் எழுதுபவன் நான். புதிய கையேடு கைக்கு வந்தால் வேகத்தைப் பற்றிய பக்கங்களைத் தள்ளிவிட்டு, தோற்றால் என்ன திரும்பும் என்ற வரியைத்தான் முதலில் தேடுவேன்.

இன்டெல் 2012இல் ஐவி பிரிட்ஜ் செயலியில் கொண்டுவந்த ஆர்டிராண்ட் கட்டளை 16, 32, 64 என மூன்று பிட் அளவுகளிலும் எண் தரும். தோற்றால் ரெஜிஸ்டரில் பூஜ்யம். ஆனால் பூஜ்யம் முறையாகவும் வரக்கூடிய எண்ணாயிற்றே. ஆகவே கேரி ஃபிளாகைப் பார்த்தே தீரவேண்டும். ஆர்ம் தரும் ஆர்என்டிஆர் 64 பிட் மட்டும். அங்கே தோல்வியைச் சொல்வது ஜீரோ ஃபிளாக்.

பவர்9 செயலியின் டார்ன் கட்டளையில்தான் நான் அதிகம் தயங்குவேன். அதற்கு ஃபிளாகே கிடையாது. தோற்றால் 64 பிட்டும் ஒன்றாக நிற்கும். 32 பிட் எண் கேட்டிருந்தாலும் அப்படியே. அதை 32 பிட் மாறியில் நேராக வாங்கினால் மேல்பாதி உதிர்ந்துவிடும். மிஞ்சும் 32 ஒன்றுகள் முறையான எண்ணாகவே தெரியும். கம்பைலர் வாய் திறக்காமல் விட்டுவிடவும் கூடும். முழு அகலத்தில் வாங்கு, சோதி, பிறகு குறுக்கு. இந்த வரிசை மாறக்கூடாது.

ரிஸ்க்-ஃபைவ் 64 பிட் இயந்திரமானாலும் ஒரு தடவைக்கு 16 பிட்தான் அளக்கும். 256 பிட் விதைக்குக் குறைந்தது 16 முறை படிக்கவேண்டும். கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும். அந்த 16 பிட் வந்து சேர்வது ஒரு 32 பிட் மதிப்புக்குள்; அதன் உச்சியில் இரண்டு பிட், சுயசோதனை நடக்கிறதா, காத்திருக்கவேண்டுமா, எண் தயாரா, கருவி பழுதா என்று சொல்லிவிடும். எண்ணும் அதன் நிலையும் ஒன்றாகவே வந்து சேரும்.

ஃபிளாகை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 2019இல் ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசையில் ஆர்டிராண்ட், கேரி ஃபிளாகில் வெற்றி என்று சொல்லிக்கொண்டே எல்லாப் பிட்டும் ஒன்றாகத் திருப்பியது. சில லினக்ஸ் கணினிகள் பூட்டே ஆகவில்லை. பயாஸ் திருத்தம் வந்த பிறகுதான் சரியானது. இப்போது லினக்ஸ் கெர்னல் பூட் ஆகும்போதே சில எண்களை எடுத்து, அவை மாறுகின்றனவா என்று பார்த்துவிடுகிறது. என் நிரலிலும் அப்படியொரு சோதனை உண்டு. அதில் தேறாத செயலியிடம் மறுபடி எண் கேட்பதில்லை.