இணையவழி விரிவுரையும் இணையாத மாணாக்கரும்

தொலைவிலிருந்து கற்றல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே, தன் வளாகத்திற் கால் வையாதவரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறும் வழியைத் திறந்துவிட்டது. இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று 1942இல் அமையுமுன்னர் இங்கு பட்டதாரிகளானோர் பலர் அவ்வழியே வந்தவர்கள். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணாக்கரைச் சேர்த்தபோது தபாலோடு வானொலியும் தொலைக்காட்சியும் துணைநின்றன. நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நிறுவப்பட்டது. ஆகவே, தூரத்தைக் கடந்தமை இணையத்தின் புதுமையன்று. தூரத்தே இருப்போரையும் ஒரே வேளையில் ஒன்றுகூட்டிப் பேசவைத்தமையே அதன் புதுமை. இடர்ப்பாடும் அங்கேயே தொடங்குகின்றது.

இணையவழிக் கற்கைநெறி என ஒரே பெயரால் அழைக்கப்படுவன உண்மையில் வெவ்வேறு இயல்பின. குறித்த மணிக்கு விரிவுரையாளரும் மாணாக்கரும் திரையிற் கூடுவது ஒன்று. விரிவுரையைப் பதிந்து, வாசிப்புக் குறிப்புகளோடும் ஒப்படைகளோடும் ‘மூடில்’ போன்ற தளத்தில் இட்டுவைத்து, வாரத்துள் இயன்ற வேளையிற் கற்க விடுவது மற்றொன்று. இவற்றோடு நேரடி வகுப்பையும் சேர்ப்பது கலப்பு முறை. முன்னையதே உண்மையான வகுப்பு, பின்னையது அதன் நிழல் என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் மீளாய்வுக்குரியது.

2020 மார்ச்சில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபின் விரிவுரைகள் ‘சூம்’ வழியே தொடர்ந்தன. பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றி அணுக வகைசெய்யப்பட்டமை பாராட்டத்தக்கது. ஆயின், கட்டணத்தை நீக்குதல் எளிது. அலையை வரவழைத்தல் எளிதன்று. பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றில் ஆசிரியரும் மாணவரும் அலை தேடிக் காட்டுவழியே பாறையுச்சிக்கு ஏறியமை 2021இல் உலகச் செய்தியாயிற்று. தோட்டத்து லயன் அறையொன்றில் மூவருக்கு ஒரு கைத்தொலைபேசி இருக்குமாயின், காலை எட்டு மணி எவருக்கு உரியது? உயர்தர வகுப்புத் தங்கைக்கா, பல்கலைக்கழகத்து அண்ணனுக்கா? அண்ணனுக்கே கிடைத்தாலும், நடுவிற் குரல் அறுந்து மீண்டும் இணையும்போது விரிவுரையாளர் அடுத்த இயலுக்குச் சென்றிருப்பார். வருகைப் பதிவோ அவனை இடையில் வெளியேறியவன் என்றே காட்டும். 2022இல் எரிபொருட் பஞ்சத்தால் விரிவுரைகள் மறுபடியும் திரைக்குச் சென்றபோது மின்வெட்டும் உடன்சேர்ந்தது.

நிழல் எனப்பட்ட முறை இத்தகையோரிடம் இரக்கமுடையது. அலை கிடைக்கும் வேளையில் இறக்கி, விளங்காத இடத்தை மீண்டும் மீண்டும் கேட்கலாம். மண்டபத்தில் வாய்திறவாத மாணவி, கலந்துரையாடற் பகுதியில் இரவிருந்து எழுதும் நான்கு வரிகள் சில வேளை விரிவுரையாளரையே திடுக்கிட வைக்கும். (வாய்த்திறனை அறிவுத்திறன் என மயங்குவது நம் பீடங்களின் பழைய வழக்கம்.)

எனினும், இம்முறைக்கும் தனக்கேயுரிய நோய் உண்டு. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்த செபஸ்ரியன் துறூனும் பீற்றர் நோர்விக்கும் 2011இல் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடத்தை உலகோர் அனைவருக்கும் இலவசமாகத் திறந்தனர். பதிவு செய்தோர் ஏறத்தாழ 160,000 பேர்; நிறைவு செய்தோர் 20,000க்குச் சற்று மேற்பட்டோரே. பின்வந்த பெருந்திரள் கற்கைநெறிகள் பலவற்றின் கதையும் இதுவே. தன்னை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை என்று அறிந்த மாணாக்கன் நாளை பார்ப்போம் என்கிறான், நாளைகள் பெருகுகின்றன.

இதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரு சிற்றொப்படை, அதன்கீழ் விரிவுரையாளரின் கைப்பட இரண்டு வரி மறுமொழி, விரிவுரைக்கன்றி வினாக்களுக்கென மட்டும் ஒரு மணிநேரக் கூட்டம் ஆகியன போதும். இரண்டு மணிநேரக் காணொளியை ஒரே கோப்பாக ஏற்றாது, பதினைந்து நிமிடத் துண்டுகளாக்கி ஒலிவடிவையும் தனியே இட்டுவைத்தால், தங்கை உறங்கியபின் அந்த லயன் அறைத் தொலைபேசியில் அது மெல்ல வந்திறங்கிவிடும்.