துண்டு போட்ட இடம்

சீட்டு என்ற சொல்லைக் கண்டதும் அருட்சகோதரியர் அடுத்த பக்கத்திற்குப் போய்விட வேண்டாம். நாங்கள் சொல்லப்போவது காசு வைக்காத ஆட்டம். எங்கள் அப்பாவும் முதலில் கோபித்துக்கொண்டார்தான். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பிரிட்ஜ் ஆட்டத்தில் நம் நாட்டின் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கப் பதக்கம் பெற்றதைத் தாத்தா எடுத்துச் சொன்ன பிறகே மனம் இளகினார். பர்தனுக்கு அப்போது வயது 60. அதைக் கேட்டதும் எங்கள் பாட்டிக்கும் ஒரு நம்பிக்கை பிறந்துவிட்டது!

சென்ற கோடை விடுமுறையை நாங்கள் இருவரும் தாத்தா வீட்டில் கழித்தோம். இருவர் என்றால், பதினோராம் வகுப்பில் படிக்கும் மூத்தவளும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் இளையவளும். கட்டுரையைச் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே பழி ஒருத்தி தலையில் மட்டும் விழாது. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாத்தா, நெடுங்காலம் ஒரே நண்பரோடு ஜோடி சேர்ந்து ஆடியவர். அந்த நண்பர் காலமான பின் தாத்தா சீட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லையாம். "நீங்க ரெண்டு பேரும் கத்துக்கிட்டா நாலு கை சேரும்" என்று பாட்டி எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்.

கற்றுக்கொண்டோம். 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. ஆடுவதற்கு முன் ஏலம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று மதிப்பெண். கட்டு முழுவதிலும் 40. பன்னிரண்டு, பதின்மூன்று இருந்தால் கூசாமல் ஏலத்தைத் தொடங்கலாம். வேடிக்கை என்னவென்றால், ஆறு முதல் பத்து வரைதான் இருக்கிறது, ஆனால் ஒரே இனத்தில் ஆறு சீட்டு சேர்ந்திருக்கிறது என்றாலும் "இரண்டு ஆட்டின்" என்பது போல ஒரேயடியாகத் தாவித் தொடங்கலாம். எட்டுப் பிடி பிடிப்பதாக வாக்களிப்பது அது. கையில் ஒன்றுமில்லாமல் இந்த வீராப்பு எதற்கு என்று கேட்டோம்.

"பஸ் நின்னதும் ஜன்னல் வழியா துண்டு போடுறாங்க பாரு, அதுதான்" என்றார் தாத்தா. எதிராளிகள் நிதானமாகப் பேசி நல்ல இடம் பார்த்து உட்காரும் முன் இடத்தை அடைத்துவிட வேண்டும். துண்டு போட்டவள் அதற்குமேல் பேசக்கூடாது. அவள் கையில் இருப்பதையெல்லாம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். இனி முடிவு எதிரே இருப்பவளுடையது.

ஆனால் எதிராளி சும்மா இருப்பாரா? நம் துண்டின் மேலேயே தன் பையை வைப்பார். இளையவள் இரண்டு ஆட்டின் என்றால், அடுத்து உட்கார்ந்திருக்கும் தாத்தா மூன்று கிளாவர் என்பார். அப்போது மூத்தவள் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் பாஸ்தான். கையில் மூன்று ஆட்டின் இருந்தால், அவளுடைய ஆறோடு சேர்ந்து ஒன்பது. மதிப்பெண் குறைவாக இருந்தாலும் ஒன்பது பிடி, அதாவது மூன்று ஆட்டின் வரை உடனே ஏற்றிவிடலாம். நாலு இருந்தால் பத்து. இந்தத் துருப்புக் கணக்கின் மூலத்தை 1969-இல் பிரான்ஸ் நாட்டு ழான்-ரெனே வெர்ன் ஒரு கட்டுரையில் விளக்கினாராம். புதிய இனம் ஒன்றைச் சொன்னால், தோழி இன்னொரு முறை பேசியே ஆகவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கடைசியாக இருப்பது டபுள். அங்கேதான் எங்கள் வீடு இரண்டுபட்டது.

அன்று மூத்தவள் கையில் கிளாவர் ராஜா, ஜாக்கி, பத்து, எட்டு, இஸ்பேட் ஏஸ், டைமன் ஏஸும் ராணியும். ஆட்டினில் ஒரே ஒரு இரண்டு. தாத்தா மூன்று கிளாவர் கேட்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல். "டபுள்!" என்றாள். தாத்தா வசமாக மாட்டிக்கொண்டார் என்று பொருள். பாட்டி பாஸ். இளையவள் கையில் கிளாவர் ஒன்றே ஒன்று. எதிராளி ஒரு இனத்தில் தொடங்கியபின் நம் ஜோடி டபுள் சொன்னால், "வேறு எதையாவது சொல்லேன்" என்று கெஞ்சுவதாகப் பொருள் என்று முதல் வாரத்தில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. "மூன்று ஆட்டின்" என்றாள். பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெல்ல, "டபுள்" என்றார்.

இரண்டு பிடி குறைந்தோம். 300 போயிற்று. தாத்தா நான்கு கைகளையும் விரித்துப் பார்த்து, மூன்று கிளாவரில் தாமே இரண்டு பிடி குறைந்திருப்பதாகக் காட்டினார். வரவேண்டிய 300-உம் சேர்ந்து போனதைப் பார்த்ததும் மூத்தவள், "உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது?" என்று எல்லார் எதிரிலும் கத்தினாள். இளையவள் சீட்டை வீசிவிட்டு மாடிக்குப் போய் அழுதாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுகளை அடுக்கிப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பீரோவின் மேல் வைத்துவிட்டார்.

மூன்று நாள் பேச்சில்லை. மாலை நான்கு மணியானால் தாத்தா மேசையைச் சுற்றி வந்து, பிறகு ஏற்கெனவே படித்த நாளிதழையே எடுத்து வைத்துக்கொள்வார். எங்களுக்கு அதைக் காண்பது வேதனையாக இருந்தது.

மூன்றாம் நாள் இரவு மூத்தவள் உண்மையை ஒப்புக்கொண்டாள். தாத்தாவின் பழைய புத்தகத்தில், தோழி பலவீனமாகத் தொடங்கியபின் சொல்லும் டபுள் எதிராளியைத் தண்டிக்கத்தான் என்று அவள் முன்னரே படித்திருந்தாள். ஆனால் இளையவளிடம் சொல்லவில்லை. "இதுகூடவா தெரியாது" என்று நினைத்துக்கொண்டாளாம். தெரியாதுதான்! விளக்கைப் போட்டு, ஒரு நோட்டுத் தாளில் எங்கள் ஏற்பாடுகளை எழுதினோம். மறுநாள் அதைத் தாத்தா, பாட்டியிடமும் காட்டினோம். பிரிட்ஜில் ஜோடிக்குள் இரகசிய மொழி கூடாது. எதிராளி கேட்டால் பொருளைச் சொல்லியே ஆகவேண்டும். கண்சாடைக்கும் பெருமூச்சுக்கும் இடமில்லை. (பெருமூச்சு இளையவளுடைய பழைய குற்றம்.) தாத்தா தாளை இருமுறை படித்துவிட்டு, நாற்காலியில் ஏறப்போனார். பாட்டி தடுத்து, எங்களையே ஏறிப் பெட்டியை எடுக்கச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் முதல் நாள் மாலை மறுபடியும் அதே கட்டம் வந்தது. இளையவள் இரண்டு இஸ்பேட், தாத்தா மூன்று டைமன், மூத்தவள் டபுள், பாட்டி பாஸ். இளையவள் கையில் டைமன் ஒன்றுகூட இல்லை. ஏழு சீட்டு இஸ்பேட் வேறு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. மூத்தவள் தலை நிமிரவே இல்லை.

"பாஸ்" என்றாள் இளையவள்.

தாத்தா ஒரே ஒரு பிடிதான் குறைந்தார். 100. கணக்குத் தாளில் அதை எழுதும்போது பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பாட்டி சமையலறைக்குப் போய், மளிகைக் கணக்கு எழுதும் பென்சிலைக் கொண்டுவந்து எழுதினார். தாத்தா சீட்டைக் கலைக்கத் தொடங்கியிருந்தார்.